காளான் வரவில்லை

விருத்தாசலத்தில் பீட்சாக் கடை வைக்கிறவனுக்குக் கொஞ்சம் கிறுக்கு இருக்க வேண்டும். மதிவாணனுக்கு அது தாராளமாகவே இருந்தது. பாண்டிச்சேரியில் கடற்கரைப் பக்கத்து ஓட்டல் ஒன்றில் பதினெட்டு வருஷம் பீட்சா போட்ட கை அவனுடையது. ஊருக்குப் போய்ச் சொந்தமாகக் கடை வைக்கிறேன் என்று அவன் வேலையை விட்டுவிட்டு வந்தபோது மனைவி அம்புஜவல்லி மூன்று நாள் அவனோடு பேசவில்லை. நான்காம் நாள் மனம் இரங்கி, எத்தனை வகை போடப் போகிறீர்கள் என்று கேட்டாள். முப்பத்தாறு என்றான். அவள் மறுபடியும் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

கடை ஜங்ஷன் ரோட்டில், முன்பு சைக்கிள் கடையாக இருந்த இடம். அடுப்பை மதிவாணனே கட்டினான். பீங்கான் பட்டறைக்காரர் ஒருவர் தன் பழைய சூளையைப் பிரித்துப் போட்டபோது, அந்தச் செங்கலையும் கப்புகளை அடுக்கி வைக்கிற கனத்த பலகைக்கற்களையும் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்தான். பதினாறு நாள் சேறும் சகதியுமாகக் கிடந்து கட்டி முடித்தான். முந்திரி விறகு போட்டு மூட்டினால் இரண்டு மணி நேரத்தில் கல் நன்றாகக் காய்ந்துவிடும். கையால் மெல்லிசாக விரித்த மாவு அதில் மூன்றே நிமிஷத்தில் உப்பி வெந்து வெளியே வரும். ஒரு ஈட்டுக்கு நாலு பீட்சா. அதற்கு மேல் அந்த அடுப்பைக் கெஞ்சினாலும் கொஞ்சினாலும் இடம் கிடையாது.

பெயர் வைப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. வாழைப்பழமும் வெல்லப்பாகும் முந்திரியும் போட்டது, பக்கத்துச் சர்க்கரை ஆலை ஊரின் பெயரில் பெண்ணாடம் ஸ்வீட். மிளகைக் கொட்டிக் கருக்கிய சிக்கன், நெய்வேலி கரி. லாரிக்காரர்கள் கேட்கிற காரத்தில் ஒன்றைப் போட்டு அதற்கு வேப்பூர் ரோடு என்றான். சாப்பிட வந்தவர்கள் பெயரைப் படித்துச் சிரித்தார்கள். சிரித்துவிட்டு ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். அங்கேதான் வினை.

முப்பத்தாறு வகைக்கு முப்பத்தொரு சாமான் வேண்டியிருந்தது. இருந்ததோ ஒரு ஃபிரிட்ஜ், ஒரு மேஜை, ஓர் ஆள். நாலு பேர் உட்கார்ந்து நாலு வகை சொன்னால் மேஜை முழுக்கக் கிண்ணமாகிவிடும். அவன் ஆலிவ் டப்பாவைத் தேடிக்கொண்டிருப்பான், அடுப்பு வெறுமனே எரிந்துகொண்டிருக்கும். வாரம் முடிந்தால் பாலக் கீரை கூழாகிக் கிடக்கும். மஞ்சளும் சிவப்புமாக அவன் ஆசையாக வாங்கி வைத்த குடைமிளகாய் சுருங்கிக் கிடக்கும். திங்கட்கிழமை காலையில் அதையெல்லாம் அள்ளிக் கொட்டும்போது அம்புஜவல்லிக்கு வயிறு எரியும்.

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கல்யாணத்துக்கு முன் பீங்கான் பட்டறையில் பெட்டி கட்டுகிற வேலை பார்த்தவள் அவள். எந்தப் பெட்டிக்குள் எத்தனை கப், எத்தனை சாஸர் உடையாமல் போகும் என்று கண்ணால் அளக்கத் தெரியும். பக்கவாட்டில் பீட்சாவின் பெயர்கள், மேலே சாமான்களின் பெயர்கள் என்று கட்டம் போட்டாள். எது எதில் போகிறதோ அங்கே ஒரு டிக். ஒரு சாமான் குறைந்தது மூன்று பீட்சாவிலாவது போகவில்லை என்றால் அதற்கு ஃபிரிட்ஜில் இடமில்லை. ஓர் ஈடு வேகிற நேரத்துக்குள் அடுத்த ஈட்டுக்கான நாலும் மேஜையில் தயாராக வேண்டும். தயாராக முடியாத பண்டத்துக்கு மெனுவில் இடமில்லை. இந்த இரண்டு விதியையும் வைத்துக்கொண்டு அவள் கோடு கிழிக்கக் கிழிக்க, முப்பத்தாறு பதினான்காக வந்து நின்றது. மதிவாணன் ஆலிவுக்காக இரண்டு நாள் துக்கம் காத்தான். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. வந்த கூட்டத்துக்கு ஒரு ஈடு கூடத் தாமதமாகாமல் போட்டுக் கொடுத்துவிட்டு, வேர்த்து விறுவிறுக்க அவளைப் பார்த்துச் சிரித்தான். அதன் பிறகு ஐந்து வருஷம் அந்தக் கடை நன்றாகவே ஓடியது.

போன வருஷம் தை மாதத்தில் அவன் உப்புத் தூவும்போது கை தேவையில்லாமல் ஆடியது. விளையாடுகிறான் என்று நினைத்தாள். பிறகு சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் வலது கைக் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் ஒன்றையொன்று உரசிக்கொண்டே இருந்தன. ஒருநாள் காற்றில் சுழற்றி எறிந்த மாவு திரும்பி வந்தபோது கை அங்கே இல்லை. மாவு தரையில் விழுந்தது. பாண்டிச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரியில், நரம்பு சம்பந்தமான வியாதி என்றார்கள். மாத்திரை சாப்பிட்டால் சில மணி நேரம் கை சொன்னபடி கேட்கும். வியாதி நிற்காது, மெல்ல மெல்லக் கூடும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட்டார்கள்.

திரும்பி வருகிற பஸ் கடலூரைத் தாண்டியது. அவன் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னான்.

"ஒருத்தருக்கும் தெரிய வேணாம் அம்பு. பாப்பாவுக்கும் சொல்லாத. முடியற வரைக்கும் நான் அடுப்பாண்ட நிக்கணும். அது போதும் எனக்கு."

மகள் பூங்கோதை திருச்சியில் நர்சிங் படிக்கிறாள். அவளிடம் கூடச் சொல்லக் கூடாதென்றால் அவன் எவ்வளவு பயந்திருக்கிறான் என்று அம்புஜவல்லிக்குப் புரிந்தது. சரி என்றாள். அவன் அடுப்பின் முன்னால் நிற்க வேண்டும். அதற்கு அவள் என்ன வேண்டுமானாலும் செய்வாள். ஓர் ஆளை வேலைக்கு வைத்தால் கடை பிழைத்துப்போகும்தான். ஆனால் அந்த அடுப்பின் வாய் முன்னால் ஒருவர்தான் நிற்க முடியும். ஆள் வந்தால் மதிவாணன் நகர வேண்டும்.

எனவே அவள் நோட்டை மறுபடியும் எடுத்தாள். இந்த முறை ஃபிரிட்ஜைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்க்கவில்லை. அவன் கையைப் பார்த்தாள். அந்தக் கை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று ஒவ்வொரு நாளும் ஓரக்கண்ணால் அளந்து, செய்யாததை மெனுவிலிருந்து எடுக்க ஆரம்பித்தாள். எடுப்பதற்கு அவனிடம் காரணம் சொல்ல வேண்டுமே. அம்புஜவல்லி தன் வாழ்நாளில் சொல்லாத பொய்யையெல்லாம் அந்த ஒரு வருஷத்தில் சொன்னாள்.

முதலில் கையால் விரிக்கிற மெல்லிய மாவு போனது. மில்லில் மைதாவை மாற்றிவிட்டார்கள், இழுத்தால் அறுந்துபோகிறது, இனிமேல் தட்டில் அமுக்கிப் போடுவதுதான் சரிப்படும் என்றாள். தட்டு பீட்சா வேகப் பத்து நிமிஷம் ஆகும். அவனுக்கு அது மூச்சு விட நேரம். மெல்லிசாக இருந்தால்தான் ருசி என்று இருந்த இரண்டு வகை அதோடு போய்ப் பன்னிரண்டு ஆனது.

அடுத்தது காளான். அதை அவன் நறுக்குகிறபோது கத்தி விரலுக்குப் பக்கத்திலேயே இறங்குவதை அவளால் பார்க்க முடியவில்லை. "காளான் வரலங்க. விழுப்புரத்துலேருந்து பஸ்ஸுல ஏத்தி வுடறவரு நிறுத்திட்டாராம்" என்றாள். நிறுத்தச் சொல்லி ஃபோன் போட்டவளே அவள்தான். காளான் போனதும் அவள் போட்ட விதிப்படி மூன்று பீட்சா சேர்ந்தாற்போல் விழுந்தது. ஒன்பது.

பிறகு ஃபிரிட்ஜில் கீழ்த்தட்டு குளிரவில்லை என்று சொல்லி, பன்னீரையும் விரலால் எடுத்து அடுக்க வேண்டிய வாழைப்பழ, சிக்கன் துண்டுகளையும் எடுத்தாள். பெண்ணாடம் ஸ்வீட்டும் நெய்வேலி கரியும் இன்னும் இரண்டும் போயின. மிச்சம் ஐந்து. எல்லாம் கரண்டியால் அள்ளித் தூவிவிடக் கூடியவை. மாத்திரை வேலை செய்கிற ஆறு மணியிலிருந்து எட்டரை வரைக்கும்தான் கடை என்று நேரத்தையும் சுருக்கினாள். அதற்குக் கரண்ட் பில்லைக் காரணம் காட்டினாள்.

ஒவ்வொரு முறையும் மதிவாணன், "அப்படியா" என்பான். அவ்வளவுதான். முப்பத்தாறு வகைக்காகச் சண்டை போட்டவன், ஆலிவுக்காகச் சோறு தின்னாமல் இருந்தவன், ஒன்றுமே கேட்காமல் கரும்பலகையில் அந்தப் பெயர்களை அழிக்கிற சத்தம் அவளுக்கு உள்ளே எங்கேயோ கேட்கும். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றும்.

இந்த மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீளத் துடுப்பால் தட்டை அடுப்புக்குள் தள்ளும்போது அது வாசலிலேயே கவிழ்ந்தது. எடுக்கப் போனவன் மணிக்கட்டைச் சுட்டுக்கொண்டான். வந்தவர்களுக்குப் புகை மட்டும்தான் தெரிந்தது. அவள் ஓடிப்போய்த் துடுப்பை வாங்கினாள். அவன் அவளைப் பார்த்தான். கோபமில்லை, பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த அதே முகம். துடுப்பை அவன் கையிலேயே கொடுத்துவிட்டு நகர்ந்தாள். அன்று வீட்டுக்குப் போனதும் நோட்டைத் திறந்து பார்த்தாள். மிச்சமிருந்த ஐந்துக்கும் துடுப்பு வேண்டும். துடுப்பு வேண்டாத பீட்சா என்று உலகத்தில் எதுவும் இல்லை. குறைக்க இனிமேல் ஒன்றுமில்லை.

மனுஷர்களிடம் சொல்லக் கூடாது என்றுதானே அவன் கேட்டுக்கொண்டான். சாமியிடம் சொல்லக் கூடாது என்று சொல்லவில்லையே. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவது அந்தப் பக்கத்து வழக்கம். போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுப்பதைப் போலவே பெயர், விலாசம், குறை, எத்தனை நாளுக்குள் தீர வேண்டும் என்பதெல்லாம் காகிதத்தில் எழுதி, சாமி காலடியில் வைத்து வாங்கி, முனியப்பர் சன்னிதியில் நூலால் கட்டிவிட்டு வர வேண்டும். ஊருக்கும் கோயிலுக்கும் எத்தனை கிலோமீட்டர் என்று கூடக் கேட்பார்கள். சாமி விசாரணைக்கு நடந்து வர வேண்டுமே. பிராதில் எதையும் ஒளிக்கக் கூடாது, ஒளித்தால் வழக்கு நிற்காது என்பார்கள்.

எதையும் முதலில் ரஃப்பாக எழுதிப் பார்த்துவிட்டுத்தான் நல்ல காகிதத்தில் எழுதுவாள் அம்புஜவல்லி. சாமிக்கு எழுதுவதில் அடித்தல் திருத்தல் இருக்கலாமா? கடையில் கைக்குக் கிடைத்தது மெனு நோட்டு. அதன் பின்பக்கத்தில் எழுதினாள்:

'விருத்தாசலம் ஜங்ஷன் ரோடு மதிவாணன் மனைவி அம்புஜவல்லி கொளஞ்சியப்பருக்கு எழுதிக்கொள்ளும் பிராது. என் கணவரின் வலது கை ஒரு வருடமாக நடுங்குகிறது. அவர் கைக்குத் தகுந்தபடி மெனுவைக் குறைத்துக்கொண்டு வந்தேன். சாமான் வரவில்லை என்று அவரிடம் பொய் சொன்னேன். பதினான்கு இருந்தது ஐந்தாகிவிட்டது. இதற்கு மேல் எனக்கு வழி தெரியவில்லை. அடுப்பை விட்டால் அவர் இருக்க மாட்டார். மூன்று மாதத்துக்குள் நடுக்கத்தைப் போக்கிக் கொடுக்க வேண்டும்.'

வெள்ளிக்கிழமை காலையில் நல்ல காகிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். நோட்டு கடையில் கிடந்தது. திரும்பி வந்தபோது மதிவாணன் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தான். எங்கே போனாய் என்று கேட்கவில்லை. நெற்றியில் விபூதியைப் பார்த்துவிட்டு, டீ குடிக்கிறாயா என்று மட்டும் கேட்டான். சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் வழக்கம்போல் கடை நடந்தது. மத்தியானத்தில் அவள் தூங்கிய பிறகு அவன் கடைக்குப் போய் ஏதோ எழுதிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை கடைக்கு லீவு. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அவன் நோட்டைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தான். சாமான் லிஸ்ட் என்று நினைத்து வாங்கினாள். அவன் கையெழுத்து இந்த ஒரு வருஷத்தில் எறும்பு மாதிரி ஆகிவிட்டது. வரியின் ஆரம்பத்தில் கொஞ்சம் தெரியும், போகப் போகச் சிறுத்துக் கடைசியில் புள்ளியாகிவிடும். வெளிச்சத்துக்குப் போய்க் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கட்டம் போட்டிருந்தான். பக்கவாட்டில் ஆறு பீட்சா, மேலே பதினோரு சாமான், கோணல் மாணலாக டிக்குகள். மேலே ஒரு வரி: அம்பு தனியாகச் செய்வது.

விறகு அடுப்பு அதில் இல்லை. கரண்டில் ஓடுகிற, இரண்டு தட்டு வைக்கிற சின்ன அடுப்பு என்று எழுதியிருந்தான். அவள் உயரத்துக்குக் கை எட்டுகிற மாதிரி அதை எங்கே வைக்க வேண்டும் என்று படமும் போட்டிருந்தான். ஒரே மாவு, காலையிலேயே பிசைந்து வைப்பது. அவளுக்கு இடது தோள் வலிக்கும் என்பதால் சிறுசிறு உருண்டையாக. முட்டி மடக்கிக் குனிய வேண்டிய கீழ்த்தட்டில் ஒரு சாமானும் கிடையாது. வெல்லப்பாகு அவனைவிட அவள் நன்றாகக் காய்ச்சுவாள் என்று பெண்ணாடம் ஸ்வீட்டைத் திரும்பக் கொண்டுவந்திருந்தான். காளான் கூட இருந்தது.

"காளான் நீ ஃபோன் பண்ணினா வரும்" என்றான்.

அவள் நிமிரவில்லை. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. அந்த நோட்டில் என்ன எழுதினாள், எங்கே விட்டுப் போனாள் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"கொளஞ்சியப்பருக்கு எல்லாத்தையும் நெசமா எழுதியிருந்த. எங்கிட்டதான் பொய்யி." அவன் குரலில் குற்றச்சாட்டு இல்லை. ஒரு தகவலைச் சொல்வதுபோல் சொன்னான்.

"நீங்க நம்புறீங்கன்னு நெனச்சேங்க."

"காளானுக்கு நம்பல. ஃபிரிட்ஜுக்கும் நம்பல." கட்டிலில் உட்கார்ந்தான். "மைதாவுக்கு நம்பினேன் அம்பு. மாவுதான் அறுந்துபோவுதுன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

ஒரு வருஷமாக, மாவு விரிப்பதிலாவது தன் கை இன்னும் பழைய கைதான், மாவுதான் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டு அவன் அந்த அடுப்பின் முன்னால் நின்றிருக்கிறான். அந்த நினைப்பைக் கொடுத்தவளும் அவள்தான், அதை எழுதிக் கெடுத்தவளும் அவள்தான். கண்ணீர் நோட்டில் விழாமல் முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"இதுல நீங்க எங்க நிப்பீங்க?" என்று கேட்டாள்.

"நான் இதுல இல்ல. என்னைச் சேத்தா கணக்கு ஒதைக்குது. மூணு நாளா போட்டுப் பாத்துட்டேன்."

அவள் பென்சிலை எடுத்தாள். அதில் ஒரு பிழை கிடைத்தால் போதும். ஏதாவது ஒரு சாமான் இரண்டே பீட்சாவில் போயிருந்தால் போதும், ஏதாவது ஒரு வகை தட்டு வேகிற நேரத்துக்குள் அடங்காமல் போனால் போதும். பாருங்க, உங்களுக்கு இதெல்லாம் வராது, உங்க இடம் அடுப்பாண்டதான் என்று சிரித்துக்கொண்டே சொல்லி நோட்டைப் பிடுங்கிக்கொள்ளலாம். தக்காளிச் சாறு ஐந்தில் போயிற்று. சீஸ் ஆறில். வெங்காயம் நாலில். காளான் மூன்று. முந்திரி கட்டாயம் மாட்டும் என்று நினைத்தாள். எண்ணிப் பார்த்தாள், மூன்று. குடைமிளகாய் மூன்று. சிக்கன் மூன்று. வெல்லம் மாட்டும் என்று பார்த்தால் அதையும் வேப்பூர் ரோட்டின் சட்னியிலும் நெய்வேலி கரியிலும் துளியூண்டு சேர்த்து மூன்றாக்கியிருந்தான். ஓர் ஈட்டுக்கு இரண்டு தட்டு, பன்னிரண்டு நிமிஷம். அதற்குள் அடுத்த இரண்டை அவளால் நிதானமாகவே முடித்துவிட முடியும். முப்பத்தாறு வகை கேட்டு அடம்பிடித்த மனுஷன், ஐந்து வருஷமாக அவள் எத்தனை சொல்லியும் இந்தக் கட்டத்தை ஒருநாளும் ஒழுங்காகப் போடத் தெரியாத மனுஷன், தன்னை வெளியே நிறுத்துகிற கணக்கை மட்டும் இப்படிப் போட்டிருக்கிறான். மேலிருந்து கீழாகப் பார்த்தாள். கீழிருந்து மேலாகப் பார்த்தாள்.

அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வலது கையை இடது கையால் மடியில் அழுத்திப் பிடித்திருந்தான்.

"சரியா இருக்குதா?"

ஒரு வருஷமாக அத்தனை பொய் சொன்னவளுக்கு இன்னொரு பொய் கஷ்டமில்லை. தப்பு என்று சொன்னால் அவன் 'அப்படியா' என்பான். சாயந்திரம் எழுந்து போய் விறகை அடுக்குவான். அவன் கையைப் பார்த்தாள். மணிக்கட்டில் தீ சுட்ட இடம் இன்னும் ஆறாமல் சிவந்து கிடந்தது.

"சரியாத்தாங்க இருக்குது" என்றாள்.